மதகின் அகலம்

எங்கள் ஊர் வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் இப்போது ஒரு மதகு நிற்கிறது. நான்கு மீட்டர் அகலம். அரசாங்கம் கட்டிய மதகு, அரசாங்கத்தின் கம்பி, அரசாங்கத்தின் சிமெண்ட். ஆனால் அந்த அகலத்தைச் சொன்னவள் போங்சி அக்கா. காகிதத்தில் எழுதியவள் நான். கட்டி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

தைவானின் மேற்குக் கரையில் சுவாலுன் எங்கள் ஊர். சிப்பி எடுக்கிற ஊர். பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகக் கட்டின தெப்பத்தில் ஆண்கள் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போய், மூங்கில் பந்தல்களில் தொங்கும் சிப்பிக் கொத்துகளை அறுத்து வருவார்கள். பெண்கள் கொட்டகையில் குந்தி உடைப்போம். கத்தி விரலில் ஏறாத வாரம் கிடையாது. போங்சி அக்காவுக்கு மட்டும் இரண்டு வேலையும் உண்டு. புருஷன் போய்ப் பதினெட்டு வருஷம். தானே தெப்பம் ஓட்டுவாள், தானே அறுப்பாள், தானே உடைப்பாள். வயது அறுபத்து மூன்று. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், 'போனால் போகிறது, வளர்த்துத் தொலை' என்று பொருள்படும் பெயரை அவளுக்கு வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி வைப்பது வழக்கம்.

எங்கள் ஊர் நிலம் கடலைவிடத் தாழ்ந்துபோய் வெகுகாலம் ஆகிறது. பௌர்ணமிக் கடலேற்றத்துக்குச் சமையலறையில் தண்ணீர் நிற்கும். அதற்கு மாவட்ட அலுவலகம் ஒரு வழி கண்டுபிடித்தது: வாய்க்கால் வாயைக் குறுக்குச் சுவர் எழுப்பி அடைத்துவிடுவது. வீட்டுக்குள் தண்ணீர் வராது, சரி. தெப்பம் எப்படிப் போகும்? தெற்குத் துறைமுகத்தைச் சுற்றிப் போ என்றார்கள். ஒரு நடைக்குப் பதினோரு கிலோமீட்டர். கடல் வற்றி, சிப்பி அறுக்க வற்றம் கொடுப்பதே நாலு மணி நேரம். அக்காவின் பழைய எஞ்சினுக்குப் போகவே மூன்று மணி நேரம் பிடிக்கும். சுவர் வந்தால் அவள் கடலை மறந்துவிட வேண்டியதுதான்.

ஊர்த் தலைவர் தியு ஒலிபெருக்கி வைத்த வண்டியில் சுற்றி வந்தார். கொட்டகைக்கு முன்னால் இறங்கி எங்களுக்குத் தனியாகவே சொன்னார்.

"வியாழக்கிழமை மதியம் ஒரு மணியிலேருந்து கருத்துக் கணிப்பு. வீட்டு போன்லதான் கூப்பிடுவாங்க. யாரும் நகரக்கூடாது. சுவர் வேணுமான்னு கேப்பாங்க. வேணாம்னா ரெண்டை அமுக்கணும். ரெண்டு! பாட்டி தாத்தாவுக்கெல்லாம் சொல்லி வைங்க."

இது எங்களுக்குப் புதிதல்ல. கட்சிக்காரர்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் இப்படிப் போன் அடித்துத்தான். அப்போதும் ஊரே வேலையைப் போட்டுவிட்டுப் போனடியில் காவல் கிடக்கும். வியாழக்கிழமைக்காக மூலையில் கிடந்த போன்களை எடுத்துத் தூசி தட்டினோம்.

"ஆ-சுன், உம் புருஷன் கழிப்பறைக்குப் போயிருக்கிற நேரத்துல அடிச்சா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கியோக் என்னைச் சீண்டினாள்.

"போனையும் தூக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். வயரு எட்டும்."

"அவரு உள்ள உக்காந்து முக்குற சத்தம்தான் மாவட்டத்துக்குக் கேக்கும், போ."

கொட்டகையே சிரித்தது. அக்கா மட்டும் கையிலிருந்த சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் அவள் வீட்டுப் போன் இணைப்பை வெட்டியிருந்தாள்.

"எனக்குப் போனே இல்லியே," என்றாள்.

"அப்ப உனக்குக் கருத்தும் இல்லை அக்கா. விடு, நாங்க அமுக்குறோம்," என்றாள் கியோக்.

"கூட்டம்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அதே வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு. நான் அதுக்குப் போறேன்."

தியு முகம் சுளித்தார். "அக்கா, போன தடவை சூரிய மின்தகட்டுக் கம்பெனிக்காரன் கூட்டம் போட்டான். சாப்பாட்டுப் பெட்டி வாங்க வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்தையே சம்மதம்னு காட்டினான். மறந்துட்டியா? இந்தத் தடவை ஒருத்தரும் போகக்கூடாது. காலி நாற்காலிதான் நம்ம பதில்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சாப்பாட்டில் நானும் ஒரு கோழித் தொடை தின்றவள்தான்.

"போனும் இல்லை, கூட்டமும் கூடாதுன்னா நான் எங்கடா போய்ச் சொல்றது? மீன்கிட்டயா?" என்று அக்கா கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு எழுத வராது. நீ கூட வா."

என்னால் மறுக்க முடியவில்லை. முந்தின கோடையில் சிப்பி குத்தி என் விரல் சீழ் வைத்துப் படுத்திருந்தபோது, பன்னிரண்டு நாள் என் பங்கையும் அவளே உடைத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை என் புருஷன் கிம்-ஹாயைப் போனடியில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கோயில் பக்கத்துக் கூடத்தில் நூற்றைம்பது நாற்காலி. மேசைமேல் நூற்றைம்பது சாப்பாட்டுப் பெட்டி. மேடையில் ஒரு பிரிவு அதிகாரி, படம் காட்ட வெய்-திங் என்ற இளம் பொறியாளர், குறிப்பெழுத ஒரு பெண். கீழே நாங்கள் இரண்டு பேர். குறிப்பெழுதும் பெண் கணினியில் அடிப்பது பின்னால் திரையிலும் தெரிந்தது. நாங்கள் உட்காரும்போதே அதில் ஒரு வரி இருந்தது: 'ஊர்மக்கள் தரப்பில் கருத்து ஏதுமில்லை.'

நான் அதை அக்காவின் காதில் படித்துச் சொன்னேன்.

"நான் இன்னும் வாயே திறக்கலியே," என்றாள்.

வெய்-திங் அரை மணி நேரம் படம் காட்டினான். சுவர் சிவப்புக் கோடு, வாய்க்கால் நீலக் கோடு. முடித்ததும் அதிகாரி மணியைப் பார்த்தார். "கேள்வி இல்லேன்னா…"

அக்கா எழுந்தாள். ரப்பர் காலணியோடுதான் வந்திருந்தாள். "தம்பி, உன் படத்துல வாய்க்கால் இருக்கு. தெப்பம் எங்க?"

"தெப்பம் இல்லீங்கம்மா. அது கைவிட்ட வாய்க்கால். ஆள் வச்சு மூணு நாள் எண்ணினோம். ஒண்ணுகூடப் போகல."

"என்னிக்கு எண்ணினீங்க?"

அவன் தாளைப் புரட்டினான். "ஏப்ரல் இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது."

அக்கா விரல்விட்டு எண்ணினாள். எங்களுக்கு நாள் என்றால் நிலாக் கணக்குதான். ஏற்றமும் வற்றமும் ஏப்ரலைப் பார்த்தா வருகின்றன? எண்ணி முடித்ததும் அந்தக் காலிக் கூடம் அதிரச் சிரித்தாள்.

"அட கிறுக்குப் பயலே! அது மூணாம் மாசம் இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. கடல்தாய் மாட்சு பொறந்தநாளு வருது. ஊரே அம்மன் பல்லக்குக்குப் பின்னால நடந்து போயிருக்கு. அந்த மூணு நாளும் எவனும் தெப்பத்தை அவுக்க மாட்டான். நாய்கூட ஊர்ல இருந்திருக்காது. உன் ஆளுங்க யாரைத்தான் எண்ணினாங்க, கொக்கையா?"

வெய்-திங்கின் காது சிவந்தது. அதிகாரி அவனைப் பார்த்தார். அவன் தாளைப் பார்த்தான். "ஊரே அமைதியா இருந்துச்சுன்னு குறிப்புல எழுதியிருக்காங்க சார்," என்று முனகினான்.

பிறகு அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, சொன்னதைச் சீட்டுல எழுதிக் குடுங்க. சீட்டுல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் நாங்க பதில் எழுதியாகணும். வாயால சொன்னா காத்தோட போயிடும்," என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த ஆளை அதற்காக மட்டும் நான் மதிக்கிறேன்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். எண்ணிய நாட்கள் தவறு. தினமும் போகும் தெப்பம் அறுபத்தொன்று. சுவர் வந்தால் வற்றத்துக்குள் போய்த் திரும்ப முடியாது. அடைப்பதற்குப் பதில் திறந்து மூடுகிற மதகாக வைக்க வேண்டும். வெய்-திங் இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டான். "தெப்பம் எவ்வளவு அகலம்மா?"

"என்னோடது மூணு மீட்டர்."

எழுதினேன். மூன்று.

"நீங்களும் ஒரு சீட்டு எழுதுறீங்களாக்கா?" என்று என்னைக் கேட்டான்.

"அக்காதான் எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே. எனக்கும் அதேதான்," என்றேன்.

குறிப்பெழுதும் பெண் திரையிலிருந்த வரியை அழிக்க ஆரம்பித்தாள். 'ஏதுமில்லை' போயிற்று. 'கருத்து' போயிற்று. ஒவ்வொரு எழுத்தாகக் கரைந்து, அந்த இடத்தில் அக்காவின் பெயர் வந்தது. அக்காவுக்குப் படிக்க வராது. ஆனால் தன் பெயரின் வடிவம் தெரியும். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு ஆளுக்கு ஆறு சாப்பாட்டுப் பெட்டி தூக்கி வந்தோம். கிம்-ஹாய் போனடியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். "அடிச்சுது! ஒரே மணியில எடுத்தேன். ரெண்டை அமுக்கினேன். நீங்க ரெண்டு பேரும் சோத்துக்குப் போனீங்க, நான் ஊரைக் காப்பாத்தினேன்," என்றார், என் பெட்டியிலிருந்த பன்றிக்கறித் துண்டைக் கடித்துக்கொண்டே.

கணிப்பு முடிவு பத்திரிகையில் வந்தது. நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் சுவர் வேண்டாம் என்றிருந்தார்கள். தியு கோயில் வாசலில் பட்டாசு கொளுத்தினார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பேருக்குத் தபாலில் கனத்த உறை ஒன்று வந்தது. கொட்டகையில் கையைத் துடைத்துவிட்டு நான் உரக்கப் படித்தேன். கருத்துக் கணிப்பைப் பற்றி ஒரே ஒரு வரி: 'முடிவுகள் கவனத்தில் கொள்ளப்பட்டன.' அவ்வளவுதான். எண்பத்து மூன்று சதவீதம், ஊரே வேலையை விட்டுக் காத்துக்கிடந்த ஒரு மதியம், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. அதற்குக் கீழே நாலு பக்கம் அக்காவுக்கு மட்டும். 'ஊர்வாசி லின் போங்சி கூறியது: ஒன்று.' பதில். 'லின் போங்சி கூறியது: இரண்டு.' பதில். திரும்ப எண்ணினார்களாம், சராசரியாக ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு தெப்பம். சுவர் கைவிடப்பட்டது. மதகு கட்டப்படும். 'லின் போங்சி கூறிய தெப்பத்தின் அகலமான மூன்று மீட்டருடன் பக்கத்துக்கு அரை மீட்டர் சேர்த்து, நான்கு மீட்டர்.'

கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன.

"என் பேரு எத்தனை தடவை வருது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

எண்ணினேன். "ஏழு."

"ஏழா!" என்றாள். "எங்கப்பன் ஆயுசுல என்னை ஏழு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பானா தெரியல." பிறகு கையை நீட்டினாள், காகிதத்தைத் தொடவில்லை. கையில் சிப்பி ஈரம்.

கியோக்குக்குத்தான் முதலில் உறைத்தது. "நாலு மீட்டரா? ஆ-சுன், உங்க புதுத் தெப்பம் எவ்வளவு?"

சிப்பிக் கொத்தைத் தூக்கப் பளுதூக்கி இயந்திரம் பொருத்திய அகலத் தெப்பம் எங்களுடையது. சாயங்காலம் கிம்-ஹாய் அளவு நாடா பிடித்து மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நாலு மீட்டர் நாற்பது.

"மூணுன்னு எழுதினது எவ?"

"நான்தான்."

"அங்கியே உக்காந்திருந்தேல்ல? உன் வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவர் நியாயமாகத்தான் கேட்டார். தியுவுக்கும் கோபம். "நாங்க நூத்துக்கு எண்பத்து மூணு பேரு சேர்ந்து அமுக்கினது ஒரு வரி. நீங்க ரெண்டு பேரு போய்ப் பேசினது கான்கிரீட்டு. இது என்னய்யா நியாயம்?" என்று கோயில் வாசலில் கத்தினார். அவர் தெப்பமும் அகலமானதுதான்.

மதகைக் கட்ட ஒரு வருஷம் போல ஆயிற்று. தூண்கள் எழும்பியபோது வெய்-திங்குக்குப் போன் செய்து கெஞ்சிப் பார்த்தேன்.

"அக்கா, அடித்தளம் ஊத்தியாச்சு. உங்க தெப்பத்தைப் பத்தி எழுத்துல என்கிட்ட ஒண்ணுமே இல்லை," என்றான். பிறகு சொன்னான்: "அந்தக் கணிப்பு வீண்னு நெனைக்காதீங்க. அந்த எண்பத்து மூணு இல்லேன்னா திரும்ப எண்ணவே மேலதிகாரிங்க விட்டிருக்க மாட்டாங்க. பயந்துட்டாங்க. ஆனா பயந்தவனுக்கு என்ன செய்யணும்னு தெரியணுமில்ல? அதைச் சொன்ன தாள் ஒண்ணுதான் என் மேசையில இருந்துச்சு."

கடைசியில் ரம்பத்தை எடுத்தோம். கிம்-ஹாய் தெப்பத்தின் ஒரு பக்கம் மூன்று குழாய்களை அறுத்து எடுத்தார். இரண்டு நாள் வேலை. பேசாமல் அறுத்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் எட்டுத் தெப்பம் இப்படி இளைத்தன.

மதகு திறந்த முதல் நாள் அக்காதான் முன்னால் போனாள். இடமும் வலமும் அரை அரை மீட்டர் விட்டு, சொந்த வீட்டு வாசலில் நுழைகிற மாதிரி, வேகத்தைக் கூடக் குறைக்காமல் போனாள். போகிறபோக்கில் திரும்பி, "ஏய் ஆ-சுன்! அடுத்த கூட்டத்துக்கு உன் வாயையும் கூட்டிட்டு வாடீ!" என்று கத்தினாள்.

எங்கள் முறை வந்தது. கிம்-ஹாய் எஞ்சினை முனகவிட்டார். நான் முன்னால் குந்தி, இடிக்காமல் தள்ளிவிடக் கழியோடு இருந்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சிமெண்ட் எழுந்து நின்றது. ஒரு சாண் இடைவெளி. அதன் குளிர் முகத்தில் அடித்தது.

கழியைக் கீழே வைத்தேன். கையை நீட்டி அந்தச் சுவரைத் தொட்டேன். கடினமாக இருந்தது, ஈரமாக இருந்தது, அசைக்க முடியாததாக இருந்தது. புயல் வந்தாலும் நிற்கும். நான் செத்த பிறகும் நிற்கும். அந்த மதியம் கூடத்தில் தொடைமேல் சீட்டை வைத்து, மை சரியாக வராத பேனாவால், நான் அழுத்தி எழுதிய மூன்று அது.

"கையை எடுடீ, நசுங்கிடும்," என்றார் கிம்-ஹாய்.

எடுத்தேன். வெளியே கடல் வற்றிக்கொண்டிருந்தது.