ஜோஸியின் பதினொரு கல்லூரிகள்

மார்லீன் வோய்டோவிச், பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக ஆலோசகர். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, எதை முதலில் போடுவது, எதைக் கும்பிட்டுக் கைவிடுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. செப்டம்பர் பிறந்துவிட்டால் பெற்றோரையெல்லாம் கூட்டிவைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றுவாள்.

"தயவுசெஞ்சு 'நாங்க விண்ணப்பிக்கிறோம்'னு சொல்லாதீங்க. நீங்களா போய் ஹாஸ்டல்ல படுக்கப் போறீங்க? விண்ணப்பம் பிள்ளையோடது. பட்டியலும் பிள்ளையோடது. நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, போதும்."

கைதட்டல் விழும். முடிந்ததும் நாலைந்து அம்மாக்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்துவிட்டீர்கள் என்பார்கள். இவளும் ஏதோ தேவாலயத்துப் பாதிரியார் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வாள். ஊருக்குத்தானே உபதேசம்!

இந்த வருஷம் சொந்த மகள் ஜோஸி பன்னிரண்டாம் வகுப்பு. சொந்தப் பெண்ணுக்குத் தானே ஆலோசகராக இருக்கக்கூடாது என்பதால் பள்ளியில் அவளைப் பக்கத்து அறைக்காரிக்கு ஒதுக்கியிருந்தார்கள். மார்லீன் பெருந்தன்மையோடு சம்மதித்தாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தாள்.

பதினொரு கல்லூரிகள், பத்தொன்பது கட்டங்கள். சாப்பாடு எப்படி, வகுப்பில் எத்தனை பேர், நூலகம் எத்தனை மணி வரை என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். அதில் 'வீட்டிலிருந்து தூரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு மட்டும் மொத்தத்தில் நாற்பது சதவீதம் கொடுத்திருந்தாள். மற்ற பதினெட்டுக் கட்டங்களும் மிச்சம் அறுபதைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் கணவன் கிளென் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஷீட்டை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"ஏன் மார்லீன், எப்படித் திருப்பினாலும் இது எல்டன்பரிக்கே வந்து நிக்குதே? ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குதே, பாத்தியா?"

"அது கணக்கு. கணக்கு பொய் சொல்லாது."

"கணக்கு சொல்லாது. சரி" என்று சொல்லிவிட்டு அவன் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டைகளைப் பொரிக்கப் போய்விட்டான்.

எல்டன்பரி கல்லூரி காரில் நாற்பது நிமிஷம். நல்ல கல்லூரிதான், குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை காலையில் அழுக்குத் துணி மூட்டையோடு மகள் வந்து இறங்குவதை மார்லீன் மனசுக்குள் பல தடவை பார்த்துவிட்டாள். ஜோஸியின் மனசிலோ ஹாஸ்கின்ஸ் கல்லூரி. அது ஓரிகனில் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு மைல்.

ஜோஸிக்குக் கல், மண், பாறை என்றால் உயிர். ஆகஸ்டில் மூன்று பேரும் ஹாஸ்கின்ஸைப் பார்க்கப் போனார்கள். அங்கே ஒரு பேராசிரியை, ஒரு கல்லைச் சுற்றுக்கு விட்டு, "இது களிமண் இறுகின கல்லா, வண்டல் இறுகின கல்லான்னு கண்டுபிடிக்க ஒரே வழி, வாயில வெச்சுப் பாக்கறதுதான்" என்றாள். வந்திருந்த பிள்ளைகள் நெளிந்தார்கள். ஜோஸி வாங்கி, நக்கி, "வண்டல்" என்றாள். பேராசிரியை சிரித்தபடி அவள் தோளில் தட்டினாள். மகள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மார்லீன் எட்டு வயசுக்குப் பிறகு பார்த்ததில்லை. பெண் கையை விட்டுப் போய்விடுவாள் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அவள் செய்த காரியத்தை இப்போது சொல்லிவிட வேண்டும். கல்லூரிகளிலிருந்து வரும் மெயில்களுக்கென்றே ஜோஸிக்குப் பத்தாம் வகுப்பில் தனியாக ஒரு முகவரி தொடங்கியிருந்தார்கள். இதுவும் மார்லீன் ஊருக்கெல்லாம் சொல்லும் யோசனைதான். பாஸ்வேர்ட் அம்மாவுக்கும் தெரியும். யார் யார் மெயிலைத் திறந்து படிக்கிறார்கள், யார் இணையக் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று கல்லூரிகள் கணக்கு வைக்கும், ஆர்வம் இல்லாத பிள்ளையை ஒதுக்கிவிடும் என்பது அவள் தொழிலில் எல்லாரும் சொல்வது. அவளும் அதை வேதவாக்காகச் சொல்லி வந்தவள்.

செப்டம்பரில் ஒருநாள், சொற்பொழிவு ஆற்றிவிட்டு வந்த அதே வாரம், அந்தப் பெட்டியைத் திறந்தாள். ஹாஸ்கின்ஸிலிருந்து பதினாறு மெயில். மழையில் நனைந்த காடு, பாறைமேல் உட்கார்ந்து சிரிக்கும் பிள்ளைகள், 'ஜோஸி, உனக்காக ஓர் இடம் காத்திருக்கிறது' என்று ஒரு வரி. உனக்காகவாமே! பெற்று வளர்த்தவள் இங்கே இருக்கிறாள், இவர்கள் யார் இடம் போட்டு வைக்க? அடியில் பொடி எழுத்தில், 'இந்த மெயில்கள் இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. அழுத்தினாள்.

அதோடு விட்டாளா? எல்டன்பரி மெயில்களையெல்லாம் தேடித் தேடித் திறந்தாள், சிலதை இரண்டு தடவை. அவர்களுடைய இணையக் கூட்டத்தில் ஜோஸியின் பெயரில் உட்கார்ந்து கேள்வியும் கேட்டாள். என்ன கேள்வி? 'ஒவ்வொரு மாடியிலும் எத்தனை துணி துவைக்கும் மெஷின்?' பதினேழு வயசில் எந்தப் பெண் அதைக் கேட்பாள்? பெற்றோர் பிள்ளை வேஷம் போடுவதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மற்ற ஆலோசகர்களுக்கு வகுப்பெடுத்தவள் இவள். அன்று மூளை விடுப்பில் போயிருந்தது.

நவம்பர் ஒன்று கடைசித் தேதி. அதற்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பம் போடலாம். டிசம்பரில் பதில் வந்துவிடும். ஆனால் இடம் கிடைத்தால் போயே தீரவேண்டும், மற்ற பத்தையும் விட்டுவிட வேண்டும். பிள்ளை, பெற்றோர், ஆலோசகர் என்று மூன்று பேர் கையெழுத்து. கல்யாணத்துக்குத் தட்டு மாற்றிக்கொள்வது மாதிரிதான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜோஸி மடிக்கணினியோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். மார்லீன், மறுநாள் ஹாலோவீனுக்கு வாசலில் வரும் பிள்ளைகளுக்கென்று வாங்கிய மிட்டாய்ப் பையைப் பிரித்துப் பாதி காலி பண்ணியிருந்தாள். கிளென் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நான் முடிவு பண்ணிட்டேன். எல்டன்பரிக்கே முன்கூட்டிப் போட்டுடறேன்."

மார்லீன் நெஞ்சு குதித்தது. அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணல் என்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தது?

"ஏன்டி, ஹாஸ்கின்ஸ் என்ன ஆச்சு?"

"அவங்களுக்கு நான் வேணாம் போல." ஜோஸி திரையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆகஸ்ட்ல ரெண்டு நாளைக்கு ஒரு மெயில் வந்துச்சு. செப்டம்பர்லேருந்து ஒண்ணுகூட இல்ல. மத்த எல்லா இடத்துலேருந்தும் குப்பை மாதிரி வருது. அங்க போனப்ப நான் ஏதோ தப்பாப் பண்ணியிருக்கேன். அந்தக் கல்லை நக்கினது கேவலமா இருந்துச்சோ என்னவோ. லூசுன்னு நெனச்சிருப்பாங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

மார்லீன் ஒரு மிட்டாயைப் பிரித்தாள், வாயில் போட்டுக்கொள்ள முடியவில்லை. கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் சும்மா இருந்தால் போதும், நாலு வருஷத்துக்குச் சனிக்கிழமைகள் அவளுடையவை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண், தான் ஒரு கோமாளி என்று நம்பிக்கொண்டு மூக்கைத் துடைக்கிறாள். நம்பவைத்தவள் யார்? வேலியே பயிரை மேய்ந்துவிட்டுக் காவலுக்கு நிற்கிறது.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றாள் மார்லீன். "நான்தான் பண்ணினேன்."

"என்ன?"

"மெயில் வேணாம்னு அடியில ஒண்ணு இருக்குமில்ல. அதை அழுத்திட்டேன். செப்டம்பர்ல."

அடுப்படியில் கிளென் கரண்டியை நிறுத்திவிட்டான்.

"என்னோட பெட்டிக்குள்ள போயா?"

"ஆமா."

"எல்டன்பரிக்கும் ஏதாவது பண்ணியா?"

"திறந்து திறந்து பாத்தேன். அப்புறம்... துணி துவைக்கிற மெஷின் பத்தி ஒரு கேள்வி கேட்டேன். உன் பேர்ல."

கிளெனுக்கு இருமல் வந்தது. சிரிப்பை அடக்கினால் அவனுக்கு அப்படித்தான் வரும். ஜோஸி சிரிக்கவில்லை.

"ரெண்டு மாசம்மா" என்றாள். "ரெண்டு மாசமா ராத்திரி படுத்தா அந்தக் கல்லுதான் ஞாபகம் வரும். ஏன்டி அப்படிப் பண்ணினேன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தே."

மார்லீன் பிரித்த மிட்டாயைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம், சுவரில் மாட்டிய விருது, பெற்றோர் கொடுத்த பூங்கொத்து எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

"ஹாஸ்கின்ஸுக்குப் போன் பண்ணு" என்றாள் ஜோஸி. "அவங்களுக்கு இப்ப மணி ரெண்டுதான். ஸ்பீக்கர்ல போட்டு, நீ என்ன பண்ணினேன்னு நீயே சொல்லு."

சொன்னாள். ஹாஸ்கின்ஸ் சேர்க்கை அலுவலகத்தில் போனை எடுத்தவன் பெயர் டெவின், இளசுக் குரல். மார்லீன் தான் யார், எந்தப் பள்ளி, எத்தனை வருஷ அனுபவம் என்று பெருமையாக ஆரம்பித்துவிட்டாள், வாய்ப் பழக்கம். பாதியில்தான் அது எவ்வளவு அசிங்கம் என்று உறைத்தது. மீதியைத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல முனகி முடித்தாள்.

டெவின் கடைசி வரை கேட்டுக்கொண்டான்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். நாங்க மெயில் கணக்கெல்லாம் பாக்கறதே இல்ல. யார் திறந்தாங்க, யார் திறக்கலன்னு இங்க யாருக்கும் தெரியாது."

"பாக்க மாட்டீங்களா?"

"சில காலேஜ்ல பாப்பாங்க. இங்க இல்ல. எங்க வெப்சைட்லயே போட்டிருக்கோமே."

எத்தனை நூறு பிள்ளைகளை, திறந்து படி, திறந்து படி என்று விரட்டியிருப்பாள்! ஒரு தடவையாவது அந்த வெப்சைட்டைத் திறந்து படித்திருக்கலாம். கிளென் இந்தத் தடவை இருமக்கூட இல்லை, நேராகவே சிரித்துவிட்டான்.

"பொண்ணு பேர் என்ன சொன்னீங்க? ஜோஸியா?" என்றான் டெவின். "ஆகஸ்ட்ல வந்து கல்லை நக்கிப் பாத்தாளே, அந்த ஜோஸியா? புரொபசர் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பொண்ணு விண்ணப்பம் போட்டாளா, போட்டாளான்னு எங்க உயிரை வாங்கறாங்க."

ஜோஸி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காது மட்டும் சிவந்து தெரிந்தது. மார்லீனுக்கு அப்போது தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

போனை வைத்ததும் ஜோஸி முகத்தை அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கேள்வி கேக்கறேன். ஆலோசகரா பதில் சொல்லு, அம்மாவா சொல்லாத. மெயில் கணக்கு இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப நவம்பரை எல்டன்பரிக்குக் கொடுத்துட்டு, ஹாஸ்கின்ஸுக்கு எல்லாரையும் மாதிரி ஜனவரில போடலாமா?"

அட, கடவுள் இரண்டாவது தடவையும் கதவைத் திறந்துவைக்கிறார்! 'போடலாம்' என்று ஒரு வார்த்தை போதும். நவம்பரில் எல்டன்பரிக்குப் போட்டால் நிச்சயம் இடம் கிடைக்கும், கிடைத்தால் போயே தீரவேண்டும், ஜனவரி என்று ஒன்று வரவே வராது. பொய்கூட இல்லை. முந்தின பொய்யைப் போல வெட்கக்கேடும் இல்லை. யாருக்கும் என்றைக்கும் தெரியப் போவதில்லை.

ஜோஸி காத்திருந்தாள். இவ்வளவு ஆன பிறகும் இந்தக் கேள்வியை இவளிடம்தான் கேட்கிறாள்.

"கூடாது" என்றாள் மார்லீன். மிட்டாய்ப் பையைத் தள்ளி வைத்தாள். "ஹாஸ்கின்ஸ்ல ஜனவரில போட்டா எட்டுல ஒருத்தருக்குத்தான் இடம். நவம்பர்ல போட்டா மூணுல ஒருத்தருக்கு. எல்டன்பரி உனக்கு எப்பப் போட்டாலும் கிடைக்கும். நவம்பர்ல அங்க கிடைச்சுட்டா அங்கயே போகணும், ஜனவரியே கிடையாது. இருக்கறது ஒரே ஒரு நவம்பர். அதை நீ நெசமா போகணும்னு நினைக்கிற இடத்துக்குக் கொடு."

"அம்மாவா கேட்டா?"

"அவளை விடு. அவளுக்குப் புத்தி கிடையாது."

ஜோஸி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் மடிக்கணினியில் திறந்திருந்த அம்மாவின் எக்செல் ஷீட்டை மூடிவிட்டு, ஹாஸ்கின்ஸ் விண்ணப்பத்தைத் திறந்தாள். கிளென் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தான்.

"கட்டணக் கணக்கு நான் போன மாசமே போட்டுப் பாத்துட்டேன். சமாளிச்சுக்கலாம்" என்றான்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் மார்லீன்.

"நீ கேக்கலையே. உன் ஷீட்ல அதுக்குக் கட்டமே இல்ல."

பெற்றோர் கையெழுத்துப் பக்கம் வந்தது. 'இடம் கிடைத்தால் என் மகள் இந்தக் கல்லூரியிலேயே சேருவாள் என்பதை அறிந்து ஒப்புக்கொள்கிறேன்.' ஆயிரம் பெற்றோருக்கு இந்த வரியை விளக்கியிருக்கிறாள். அது இவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கையெழுத்துக் கட்டத்தில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் ஜோஸி. "பாஸ்வேர்டை மாத்தப் போறேன்."

"மாத்து. மாத்தலேன்னாதான் நான் திட்டுவேன்."

ஜோஸி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அனுப்புகிற பொத்தானை அம்மா முன்னால் அழுத்த அவளுக்கு இஷ்டமில்லை, அது நியாயம்தான். கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. கிளென் தட்டை எடுத்து வைத்து, "சாப்பிடு" என்றான்.

மார்லீன் சாப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, 'கடவுளே, என் பொண்ணுக்கு ஹாஸ்கின்ஸ்ல இடம் கிடைக்கட்டும்' என்று வேண்டினாள். அது வெறும் வாய்தான், மனசு சொல்லவில்லை என்று அவளுக்கே தெரிந்ததால், மறுபடி முதலிலிருந்து வேண்டினாள்.