ஆட்டுவால் கொழுப்பும் ஒரு சென்சாரும்

மூக்கடைத்தவனை அடுப்படியில் நிறுத்தினால் தாளிப்புக் கருகுவது அவனுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பான். ஜூமார்ட்டின் காருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையை மோந்து பார்த்து, 'பெட்ரோல் கூடிவிட்டது, குறை' என்றோ 'போதவில்லை, கூட்டு' என்றோ சேதி அனுப்ப அதன் புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு சென்சார் உண்டு. அது மோப்பம் இழந்துவிட்டது. எஞ்சினோ கணக்கின்றிப் பெட்ரோலைக் குடித்தது. சமவெளியில் கறுப்புப் புகையோடு எப்படியோ ஓடிற்று. நேற்று கால்மாக் கணவாயில் பாதி ஏறியதும், காற்று மெலிந்த அந்த உயரத்தில், இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

அப்போது காரின் கூரையில் ஒரு துண்டுக் கட்டப்பட்டிருந்தது. துண்டுக் என்பது கூடாரத்தின் உச்சி வளையம். வளைத்த மரத்தில் வண்டிச் சக்கரம்போல் அகன்றிருக்கும். கூடாரக் கழிகள் எல்லாம் அதில்தான் போய்ச் செருகும். ஜூமார்ட்டின் மகள் பெர்மெட்டுக்காகச் செய்யப்பட்ட கல்யாணக் கூடாரம் அது. சோன்-கோல் ஏரிக்கரைப் புல்வெளியில் சுவர்ச் சட்டங்களும் கம்பளிகளும் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் நாளை முற்பகலில் வருகிறார்கள். உச்சி வளையம் இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் கூடாரம் எழும்பாது. சம்பந்திகளை வெறும் புல்தரையில் உட்கார வைக்க வேண்டியதுதான். ஊரிலுள்ள ஜீப்புகள் எல்லாம் மந்தைகளோடு மலையேறிவிட்டன.

ஆகவே இறக்கத்தில் உருட்டித் திரும்பக் கொண்டுவந்து, கோச்கோர் ஊரில் மெக்கானிக் சகினின் பட்டறைக் குழிக்குமேல், கூரையில் வளையத்தைச் சுமந்தபடியே அந்தக் கார் நின்றது. புதுச் சென்சார் டப்பாவோடு தயாராக இருந்தது. பழையதுதான் அசைய மறுத்தது.

"போன இலையுதிர் காலத்துலதானே இத மாத்தினீங்க?" என்று குழிக்குள்ளிருந்து சகின் கேட்டார். ஐம்பது வயதுக்காரர். பேசும்போது வேலையை நிறுத்தமாட்டார். வேலை ஓடவில்லையென்றால் பேச்சையும் நிறுத்தமாட்டார்.

"ஆமாண்ணே. என் மச்சினன்தான் வீட்டுலயே மாட்டினான்."

"ஜப்பான்ல மாட்டி அனுப்பின சென்சாரு, பதினஞ்சு வருசம் கழிச்சு என் கையில கழண்டு வந்திருக்கு. இது ஒரே ஒரு குளிர்காலந்தான் தாண்டியிருக்கு, அதுக்குள்ள குழாயோட குழாயா வேர் விட்டிருக்கே. எனக்கு அதுதான் புரியல."

ஜூமார்ட்டுக்கும் புரியவில்லை. அவசரம் ஒரு பக்கம் அரித்தாலும், அந்தப் புதிர் அவரைக் குழிக்குள் குனியவைத்தது. மச்சினன் எர்மெக் சற்றுத் தள்ளி டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, சூரியகாந்தி விதைகளைக் கொறித்து உமியை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது. ஊரில் எந்த விருந்து நடந்தாலும் பெரிய அண்டாவுக்குப் பொறுப்பு அவன்தான்.

"மாப்ளே, மாட்டும்போது ஓங்கி அடிச்சியா?" என்றார் ஜூமார்ட்.

"இல்லத்தான். பூ மாதிரி திருகினேன்."

"பூ நல்லா காய்ச்சு முத்திப்போச்சு," என்றார் சகின்.

நேற்று மாலையே துருவிளக்கும் எண்ணெயை மரையைச் சுற்றி ஊறவிட்டிருந்தார். காலையில் ஒயரை வெட்டிவிட்டு, முழு வளைய ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் ஒரு குழாயைச் செருகித் தொங்கிப் பார்த்தார். ஸ்பேனர் நகர்ந்தது, சென்சார் நகரவில்லை. அதன் ஆறு முனைகளில் இரண்டு மழுங்கியதுதான் மிச்சம்.

"இன்னும் ரெண்டு மூலை போச்சுன்னா பிடிக்க எதுவும் இருக்காது. குழாயை வெட்டி வெல்டிங் வைக்கணும். வெல்டிங்காரன் நாரின் ஊருக்குப் போயிருக்கான், நாளைக்கு வருவான்."

ஜூமார்ட் கூரையிலிருந்த வளையத்தைப் பார்த்தார்.

சகின் ஒரு கம்பியால் மரையோரத்தைச் சுரண்டினார். கறுப்பாக, கண்ணாடிபோல் மினுங்கும் பொருக்கு ஒன்று உதிர்ந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது துரு இல்ல. துரு செவப்பா உதிரும். புகைக்கரியும் இல்ல, அது விரல்ல ஒட்டும்." ஜூமார்ட் வாங்கி நகத்தால் கீறினார். கோந்தும் இல்லை, பெயின்ட்டும் இல்லை.

"சரி, நெருப்பு சொல்லட்டும்," என்று சகின் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, நீலச்சுடரைச் சென்சார் செருகியிருந்த, குழாயின் புடைத்த குமிழைச் சுற்றி வட்டமாக ஓட்டினார். இரும்பு மங்கலாகச் சிவந்தது. மெல்லிய வெண்புகை எழுந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. பட்டறைக்குச் சற்றும் பொருந்தாத, பசியைக் கிளப்பும் வாசனை.

பக்கத்து டயர்க் கடைக்காரர் வேலி மேலாக எட்டிப் பார்த்தார். "யாருப்பா குர்தாக் கறி வறுக்கிறது? நான் ரொட்டி எடுத்துட்டு வரட்டுமா?"

"எடுத்துட்டு வாங்க. சைலன்சர் வறுவல் தயாராகுது," என்றார் சகின். சுடரைத் தாழ்த்தி மறுபடி மோந்தார். பிறகு மெதுவாகத் தலையை வெளியே நீட்டினார். "இது ஆட்டுக் கொழுப்பு. அதுவும் வால் கொழுப்பு. காருக்குள்ள ஆடு எப்படி வந்துச்சு?"

விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது. ஜூமார்ட் திரும்பினார். எர்மெக்கின் காதுகள் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தன.

"மாப்ளே."

"அத்தான், கோபப்படாதீங்க. டப்பால இருந்த சின்ன கிரீஸ் பாக்கெட்ட எங்கயோ தொலைச்சிட்டேன். மரைக்கு எதாவது தடவலேன்னா அடுத்த தடவை கழட்டக் கஷ்டமாயிருமேன்னு..."

"ஆட்டுவாலத் தடவிட்டே."

"சேணத்துக்கு அதத்தானே தடவுறோம்? கதவுக் கீலுக்கும் அதுதான். உங்களுக்கு இருமல் வந்தப்ப அக்கா பால்ல போட்டுக் கொடுத்தா, சரியாச்சா இல்லையா? எல்லாத்துக்கும் ஆகுறது இதுக்கு மட்டும் ஆகாதுன்னு யாரு சொன்னா?"

அந்த வாதத்தில் நியாயம் இருந்தது, நெருப்பை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"நுனிலயும் தடவினியா?" என்றார் சகின்.

"கொஞ்சம் தாராளமா."

சகின் வயிறு குலுங்கச் சிரித்தார். "மோந்து பாக்குறதுக்குன்னு இருக்கிற மூக்குல கொழுப்ப அடைச்சா அது எதை மோக்கும் தம்பி? பாவம், ஒரு குளிர்காலம் பூரா அதுக்கு வறுத்த கறி வாசனைதான்."

புதிர் அவிழ்ந்துவிட்டது, சென்சார் அவிழவில்லை. சூட்டோடு சூடாகத் திருகியபோதும் முனை வழுக்கியது. ஆறவிட்டுத் திருகினார், இன்னும் இறுகியிருந்தது. வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது.

எர்மெக் எழுந்து குழியோரமாக வந்து குந்தினான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? அண்டாவுல கொழுப்பு அடிப்புடிச்சாலும் இப்படித்தான். சூட்டுல சுரண்டினா இழுக்கும், ஆறினா கல்லாயிரும். நாங்க வெறும் அண்டாவ நல்லாக் காயவிட்டு, சட்டுனு ஒரு கை தண்ணி தெளிப்போம். பொருக்கு வெடிச்சு, தானா தட்டு தட்டா விட்டுரும்."

"அண்டா தடிச்ச வார்ப்பிரும்பு. இந்தக் குழாய்ல தண்ணிய ஊத்தினா பொருக்கு வெடிக்காது, குழாய்தான் வெடிக்கும்," என்றார் சகின். சொல்லிவிட்டுச் சென்சாரையே பார்த்தார். அவர் கை தாடையைத் தடவியது. "ஆனா... சென்சாரு எப்படியும் குப்பைக்குப் போறதுதானே. அதை மட்டும் குளிர வச்சா? குழாய் சூட்டுல விரிஞ்சே இருக்கும், இது மட்டும் சுருங்கும்."

"செஞ்சு பாப்போம்," என்றார் ஜூமார்ட். தோற்றால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த நொடியில் பயத்தைவிட, என்ன ஆகும் என்று பார்க்கும் ஆவல்தான் முன்னால் நின்றது.

சகின் குமிழைச் சிவக்கக் காய்ச்சினார். எர்மெக் ஈரத்துணியை இடுக்கியில் பிடித்துச் சென்சாரின் தலையில் மட்டும் ஒற்றினான். சீறிற்று. மீண்டும் நெருப்பு, மீண்டும் துணி. மூன்றாவது முறை, நகம் ஒடிவதுபோல் ஒரு சின்னச் சத்தம் உள்ளே கேட்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சகின் ஸ்பேனரை மாட்டினார். ஆனால் கழற்றும் பக்கம் இழுக்கவில்லை. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினார். பிறகுதான் எதிர்ப்பக்கம். கால் சுற்று வந்தது. எண்ணெய் விட்டார். திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. அடம்பிடிக்கும் கழுதையை இரண்டடி பின்னால் விட்டு மூன்றடி முன்னால் நடத்துவதுபோல் நடத்தி, கடைசியில் அதைக் கையில் எடுத்தார். நுனியில் கறுத்த தொப்பி ஒன்று கவிந்திருந்தது.

மரையறுக்கும் கருவியால் துளையைத் துடைத்தார், மரை பழுதில்லை. புதுச் சென்சாரின் மரையில் மட்டும், தீக்குச்சி முனையால் வெள்ளிநிறக் கிரீஸைத் தொட்டு வைத்தார். நுனிப் பக்கம் குச்சி போகவே இல்லை. எர்மெக் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மறுபிறவிக்கும் மறக்காதவன்போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையால் திருகி உட்கார வைத்து, ஸ்பேனரால் அளவாக இறுக்கி, ஒயரைச் செருகி எஞ்சினைக் கிளப்பினார்கள். புகைக்குழாய் முதலில் கறும்புகை கக்கிற்று. சிறிது நேரத்தில் வெளுத்தது. பிறகு பின்னால் நின்ற டயர்க் கடைக்காரரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"வாசனை போச்சே," என்றார் அவர் வருத்தத்தோடு.

கால்மாக் கணவாயின் வளைவுகளில் கார் நின்று யோசிக்கவில்லை. உச்சியில் ஓரமாகப் பனி மிச்சமிருந்தது. கீழே ஏரி ஒரு தட்டுப்போல் கிடந்தது. எர்மெக் மெல்லக் கேட்டான்: "அத்தான், அக்காகிட்ட சொல்லுவீங்களா?"

"என்ன சொல்றது? உன் தம்பி எஞ்சினுக்கு இருமல் மருந்து கொடுத்தான்னா?"

"அவ எல்லார்கிட்டயும் இந்தக் கல்யாணம் முடியிற வரைக்கும் சொல்லுவா. அப்புறம் பேரப்புள்ளைங்ககிட்ட சொல்லுவா."

ஜூமார்ட் கியரை மாற்றி இறக்கத்தில் காரை விட்டார்.

புல்வெளியில் சுவர்ச் சட்டங்கள் வட்டமாக நின்றிருந்தன. கழிகளை ஏந்தியபடி ஆண்கள் காத்திருந்தார்கள். சூரியன் மறைய இன்னும் ஒரு கோல் உயரம் மிச்சமிருந்தது. மனைவி சைரா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தாள்.

"நேத்து வர்றேன்னு சொன்ன ஆளு. என்னதான் ஆச்சு காருக்கு?"

எர்மெக் கூரையிலிருந்த கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாகிவிட்டான். ஏற்கெனவே அவிழ்த்த முடிச்சையே மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"பழசு இறுகிப்போச்சு," என்றார் ஜூமார்ட். "கழட்ட வழி தெரியாம சகினே முழிச்சாரு. உன் தம்பிதான் ஒரு யோசனை சொன்னான்."

சைரா நம்பாமல் தம்பியைப் பார்த்தாள். "இவனா? இவனுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

"காரப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்று ஜூமார்ட் வளையத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "மாப்ளே, அந்தப் பக்கம் தூக்கு. பாத்து."

இருவருமாக அதைத் தலைக்குமேல் உயர்த்தினார்கள். கீழிருந்து முதல் கழி வந்து செருகியது.