நசூனா மண்டியிட்ட விதம்

மூளைத்தண்டைப் பற்றி மருத்துவர் நபோசாவிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், கேட்டவரின் தேநீர் ஆறிவிடும். பெருவிரல் அளவுத் தண்டு. ஆனால் நிற்பதும் குனிவதும் தள்ளாடாமல் இருப்பதும் அதன் தயவில்தான். ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளிடம் அது எப்படி வேறுபடுகிறது, அந்த வேறுபாடு அவர்கள் உடல் அசைவை எப்படித் தொடுகிறது என்பதுதான் கம்பாலாவில் அவள் செய்யும் ஆராய்ச்சி. "பிடிவாதம்னு நினைக்காதீங்கம்மா, முதல்ல உடம்பைப் பாருங்க" என்று தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவள்.

தன் மகள் விஷயத்தில் மட்டும் உடம்பைப் பார்க்கவில்லை. ஐந்து வயது நசூனாவுக்கும் ஆட்டிசம்தான் என்று உடன் வேலை செய்யும் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, நபோசா வீட்டில் மருத்துவராக இல்லை. குழந்தைக்காக வாதாடும் வக்கீலாகிவிட்டாள். வாதம், பெரியவர்கள் முன் நசூனா மண்டியிட்டு வணக்கம் சொல்லாததைப் பற்றியது. உகாண்டாவின் புகாண்டா பகுதியில் ஒரு பெண்பிள்ளை மண்டியிடாமல் நின்றால் ஊர் பார்ப்பது பிள்ளையை அல்ல, பெற்றவளை.

"வணக்கம் எதுக்குன்னே அவளுக்குப் புரியல, அண்ணி" என்பாள் நபோசா.

கணவனின் அக்கா நலுமான்சி விடமாட்டாள். பெண்பிள்ளைக்கு ஒழுக்கம் சொல்லித் தருவது அங்கே அத்தையின் உரிமை. "வாழைப்பழ அப்பம் எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் புரியுதாக்கும்?"

கடைசி நாத்தனாரைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் நெருங்கியது. பெண் வீட்டுச் சிறுமிகள் வரிசையாகப் போய் விருந்தாளிகள் முன் மண்டியிட வேண்டும்.

"வரிசையில விடறேன். ஆனா கம்பம் மாதிரி நின்னா, உள்ளே கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் எந்த விசேஷத்துலயும் அவ பின்னறையிலதான்" என்றாள் நலுமான்சி.

நபோசா படம் வரைந்து அட்டைகள் செய்தாள். வணக்கம் என்றால் அன்பு, அன்பு என்றால் மரியாதை என்று ஐந்து வயதுக்கு விரிவுரை நடத்தினாள். அட்டைகளைவிட அப்பம் நன்றாக வேலை செய்தது. ஒருவழியாக ஒரு மாலை, கூடத்தில், நசூனா மண்டியிட்டாள். நபோசா கைதட்டினாள். குழந்தையின் வலக்கை சோபாவின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தது. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்திருப்பாள். தன் பிள்ளை என்பதால் முழங்காலை மட்டும் பார்த்தாள். அண்ணியும் முழங்காலைத்தானே பார்ப்பாள்!

அந்த நாள் வந்தது. முற்றத்துப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிகளில் இருந்தார்கள். முன்வரிசையில் அவர்கள் சார்பில் பேச வந்த பேச்சாளர், வழுக்கைத் தலை மின்ன. சிறுமிகள் வந்து பொத்தென்று மண்டியிட்டார்கள். நசூனா நின்றாள்.

நின்றவளின் வலக்கை பக்கவாட்டில் நீண்டு, காற்றில் எதையோ தேடியது.

பாயில் பெண்களோடு உட்கார்ந்திருந்த நபோசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சோபா! இத்தனை நாள் அவள் கற்றுக்கொடுத்தது மரியாதையை அல்ல, சோபாவை. எதிர்ப்பக்கம் நலுமான்சி எழுந்துவிட்டாள். நபோசா யோசிக்கவில்லை, சபை நடுவே எழுந்து ஓடக்கூடாது என்பதால் முழங்காலிலேயே, விசேஷத்துக்கு உடுத்திய தரைதொடும் பட்டு அங்கி, கோமெசி, மண்ணைக் கூட்ட, ஊர்ந்து கிளம்பினாள்.

பேச்சாளர் முன்னால் குனிந்தார். "என்ன கண்ணு, எங்களைப் பிடிக்கலையா?"

தேடிய கைக்கு வழுக்கை கிடைத்தது. நசூனா அதை அழுத்திப் பிடித்து, ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று என்று பத்திரமாக இறங்கினாள். பிறகு தெளிவான குரலில், "நல்லா இருக்கீங்களா ஐயா? நல்லா இருக்கோம் கண்ணு. வீட்ல எல்லாரும் சுகமா ஐயா? சுகம் கண்ணு" என்று அவருடைய பதில்களையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள்.

வணக்கம் புரியவில்லை என்ற வாதம் அத்தோடு தள்ளுபடி ஆனது.

பந்தல் எட்டிப் பார்த்தது. பெரியவரின் தலையில் கை!

"என் பேச்சைக் கேட்டு மயங்கினவங்க உண்டு" என்றார் பேச்சாளர். "என் தலையைப் பிடிச்சு இறங்கினவ இவ ஒருத்திதான். பதிலும் அவளே சொல்லிட்டா, இனி எனக்கென்ன வேலை?" பந்தல் சிரித்தது. அவர் கண் நபோசாமேல் விழுந்தது. "அந்தப் பெரிய பாப்பா யாரு? வரிசைக்கு லேட்டா?"

மூளைத்தண்டு நிபுணர் முற்றத்தின் நடுவில் மண்ணோடு மண்ணாக வணக்கம் சொன்னாள்.

மற்றச் சிறுமிகள் எழுந்து போனார்கள். பேச்சாளர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நசூனா எழவில்லை, கை மறுபடி காற்றைத் துழாவியது. நலுமான்சி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, அவளுக்கு மனசில்லாம இல்ல" என்றாள் நபோசா, மண்டியிட்டபடியே. "உடம்பு விடல. பிடிச்சுக்க ஏதாவது வேணும். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

"நீதானே இதுக்கு டாக்டர்?"

"நான்தான்."

நலுமான்சி குனிந்து நசூனாவுக்கு முழங்கையை நீட்டினாள். குழந்தை இரண்டு கையாலும் பற்றி எழுந்தது.

"இன்னும் ரெண்டு வரிசை இருக்கு. அத்தை கையை விடாதே" என்றாள்.

நபோசாவும் எழப் பார்த்தாள். கோமெசியின் விளிம்பு முழங்காலுக்கு அடியில் மாட்டியிருந்தது, முன்னால் சரிந்தாள்.

"குடும்பத்துக்கே இதுதானா?" என்று நலுமான்சி மற்றக் கையையும் நீட்டினாள்.