அக்கி வந்தவர் சேனை வைக்கலாமா

அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக்கடை சங்கரலிங்கத்தின் கோபம் பிரசித்தம். ஆணி வாங்க வந்தவன் எத்தனை இஞ்சு என்று சொல்லத் தெரியாமல் முழித்தால் போதும், மனுஷன் வாணலியில் விழுந்த கடுகுதான். ஆனால் மகள் பிருந்தா பிரசவத்துக்கு வந்ததிலிருந்து ஆளே மாறிப் போனார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு: "பேரப்பிள்ளைக்கு நாந்தான் சேனை வைக்கப் போறேன்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணியை யார் வைக்கிறாரோ, அவர் குணம் பிள்ளைக்கு வரும். அதற்குப் பேர்தான் சேனை. "இந்தக் கோவக்காரரு வச்சா வெளங்கிரும்" என்று சிரித்தாள் மனைவி கஸ்தூரி. சிரித்தாளே தவிர, அவரைத் தவிர வேறு யாரையும் அவளும் நினைக்கவில்லை.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துச் சித்திரை. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில் சங்கரலிங்கத்தின் இடுப்பில், வலது பக்கம் மட்டும், பட்டையாகக் கொப்பளம் கிளம்பியது. அடேயப்பா, என்ன எரிச்சல்! வேறென்ன, அக்கிதான். அக்கிக்கு எழுதுகிற வேளார் தெரு பொன்னுச்சாமி வந்து, வழக்கம்போலக் காவியைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதிவிட்டுப் போனார். அம்மை என்றால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிக்க மாட்டார்கள், வெளியாளை உள்ளே விட மாட்டார்கள். அக்கி வெறும் சூடுதானே, அதற்குப் போய் யார் விலகி இருப்பார்கள்? சட்டையில்லாமல் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "பிருந்தா, வந்து பாரு, ஒங்கப்பன் சர்க்கஸ்ல சேந்துட்டேன்" என்று கூப்பிட்டார்.

வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மதுரையில் விலங்கியல் படித்தவள். "அம்மா, எனக்குச் சின்னதுல அம்மை போட்டிருக்கா?"

"ஒனக்கா? தெருவே படுத்தப்பக்கூட ஒன்னைய ஆத்தா தொடலயே!" என்றாள் கஸ்தூரி பெருமையாக. பிருந்தாவின் முகம் செத்துப் போயிற்று.

"அப்பா, கிட்ட வராதீகப்பா. அக்கிக்கும் சின்னம்மைக்கும் ஒரே வைரஸ்தான்."

"அது என்னம்மா? புழுவா, பூச்சியா?"

"ரெண்டுமில்ல. ஒரு கொழுப்புப் போர்வை, அதுக்குள்ள புரதக் கூடு, கூட்டுக்குள்ள ஒரு நூலு, அம்புட்டுத்தான். தானாச் சாப்பிடாது, தானாப் பெருகாது. போர்வை மேல முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டிருக்கும். அது நம்ம செல்லு மேல தோதான எடத்துல ஒட்டுனா, வழி கெடச்சிரும். உள்ள போன நூலு, 'என்னை மாதிரியே செய்யி'ன்னு உத்தரவு போடும். செல்லு தன் வேலைய விட்டுட்டு வைரஸா செஞ்சு தள்ளும்."

"நம்ம கடையில உக்காந்துக்கிட்டு, நம்ம ஆள வச்சே அவன் சரக்கச் செய்யிறானா? என்ன நெஞ்சழுத்தம்!"

"அம்மை எறங்குனாலும் அது போகாதுப்பா. முதுகெலும்புப் பக்கத்து நரம்புல படுத்துக்கிரும். வருசக்கணக்காச்சுன்னாலும் ஒருநாள் எந்திரிச்சு, அந்த நரம்பு ஓடுற எடத்துல மட்டும் கொப்பளமா வரும்."

சங்கரலிங்கம் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான புதுசில் கஸ்தூரிக்கு அம்மை கண்டிருந்தது. புருஷன்காரன் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்று வீடே காவல் இருந்தது. இவரா கேட்பார்? இளநீரும் கையுமாகப் போய்ப் போய், கடைசியில் இவரும் படுத்தார். "ஆக, இது நீ குடுத்ததுதான். இம்புட்டு வருசமாப் பத்திரமா வச்சிருந்திருக்கேன்" என்றார். "பிள்ளைக்கு முன்னால என்ன பேச்சு!" என்று கஸ்தூரி சிவந்து போனாள்.

பிருந்தா சிரிக்கவில்லை. "கொப்பளத்துத் தண்ணி பட்டா எனக்கு அம்மையா வரும்பா. பிரசவ நேரத்துல வந்தா பிள்ளைக்கே ஆபத்து. எனக்கு முன்னாடியே அம்மை போட்டிருந்தா, ஒடம்புல ஊறுன எதிர்ப்பு சக்தி பிள்ளைக்கும் எறங்கும். எனக்கே இல்லையே."

அவ்வளவுதான், சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். பிரசவத்துக்கு வந்த பிள்ளையை அனுப்பவா முடியும்? பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக் குடோனுக்குப் போனார். கஸ்தூரி அம்மை கண்டு எழுந்தவள் என்பதால் அவள் மட்டும் சோறு கொண்டுபோனாள். கொப்பளம் பொருக்குத் தட்டிக் காயும்வரை தாய் பக்கமும் பிள்ளை பக்கமும் தலைகாட்டக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

பொருக்குக் காய்வதற்குள் பிருந்தாவுக்கு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில், மூடிக் கிடந்த கடைப் படியில் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறந்ததும் மருமகன் ராம்குமார் ஓடி வந்தார். "வாங்க மாமா, ஒரு சொட்டு வச்சுட்டுப் போயிருங்க. விரல்லயா அக்கி இருக்கு?"

சங்கரலிங்கம் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "கால் துடிக்குது மாப்பிள. ஆனா அந்தப் பச்ச மண்ணுக்கு என்னமும் ஆச்சுன்னா நான் உசுரோட இருப்பேனா? கஸ்தூரிய வைக்கச் சொல்லுங்க." இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி மாடியை அண்ணாந்து பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் கஸ்தூரியே இறங்கி வந்தாள். "பேத்தி பொறந்திருக்கா. சேனை வச்சுட்டேன்."

"சரி. ஒன் கொணம் வந்தா நல்லதுதான்."

"எனக்குன்னு தனியா ஏது கொணம்? ஒங்ககூட இருந்து இருந்து ஒங்க கொணம் பூராம் எனக்குத் தொத்திக்கிருச்சு. நேத்துப் பால்காரர நான் வெரட்டுன வெரட்டுல அவரு கேனையே விட்டுட்டுப் போயிட்டாரு. நான் வச்சா என்ன, நீங்க வச்சா என்ன?"

சங்கரலிங்கம் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். "என் கோவமுமாடி?"

"அதான் மொதல்ல எறங்கியிருக்கு. காதுல விழுகலையா?"

ஆஸ்பத்திரி மாடியில், பஜார் இரைச்சலையும் மீறிப் பேத்தி கத்திக்கொண்டிருந்தாள்.