ஜன்னலோரம் ஒரு பெட்டி

தண்ணீர் மீட்டர் பார்க்கப் போன வீட்டில் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, எந்த வீட்டு மருமகன் கோபித்துக்கொண்டு போனான், எல்லாம் மீட்டர்காரருக்கு அத்துப்படி. கேட்காமல் விட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

அப்படிப்பட்டவர் மியூசியத்துக்குப் போனது கலையை ரசிக்கவா? எதிர்மாடியில் வெகுகாலம் குடியிருந்த ஓவியக்காரம்மா, தன் ஜன்னலிலிருந்து தெரிந்த வீடுகளை எல்லாம் வரைந்து அங்கே கண்காட்சி வைத்திருந்தார். தெருவின் மானம் மொத்தமும் சுவரில் தொங்கும்போது மனுஷன் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? மனைவியையும் கிளப்பிக்கொண்டு முதல் நாளே போய்விட்டார்.

"இங்க பாரு, நம்ம தையல்காரர்! பட்டப்பகல்ல தூங்குறாரு. இது யாரு, டீச்சரா? கதவைச் சாத்திக்கிட்டு சிகரெட் புடிக்கிறாங்க!"

"மெதுவா பேசுங்க. காவல்காரர் முறைக்கிறாரு."

அடுத்த படத்தை அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். ஒரு கண்ணாடி உடைந்து அந்த இடத்தில் மட்டும் அட்டை ஒட்டிய ஜன்னல். அந்த அட்டையை ஒட்டியவரே அவர்தான். உள்ளே அவர் மனைவி, வெளியூர் கிளம்புகிற உடுப்பில் நிற்கிறாள். காலடியில் பெட்டி. பக்கத்திலேயே இன்னொரு படம், அதே ஜன்னல். அதில் ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை.

ஊர்க்கதை எல்லாம் தெரிந்தவருக்குச் சொந்த வீட்டுக் கதை தெரியவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் அங்கிருந்து ஓர் அடி நகர முடியாது என்றும் இருந்தது.

"எங்க போகக் கிளம்பின?"

"எங்க அக்கா வீட்டுக்கு. திரும்பி வர்றதா இல்ல."

"போனியா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அடுப்பை அணைச்சோமான்னு சந்தேகம் வந்துடுச்சு. திரும்பிட்டேன்."

"அணைஞ்சிருந்துச்சா?"

"நல்லாவே அணைச்சிருந்தேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"அப்புறம் ஏன் போகல?"

"பெட்டியைத் தூக்கிட்டு மறுபடியும் மூணு மாடி இறங்கணுமே! சரி, நீங்க வந்ததும் என்னன்னு கேப்பீங்க, சொல்லிட்டே போகலாம்னு உக்காந்துட்டேன். பெட்டி நடு வீட்லதான் கிடந்துச்சு. நீங்க அதைத் தாண்டி வந்து, யார் வீட்டு மருமகனோ கோவிச்சுக்கிட்டுப் போன கதையைச் சொன்னீங்க. ரெண்டு மூணு நாள் பார்த்துட்டு நானே எடுத்து வச்சுட்டேன்."

அவருக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் கால் விரலை இடித்துக்கொண்டு, இதை யார் இங்கே வைத்தது என்று கத்தியிருக்கிறார். அந்தக் கேள்விக்கும் பதில் வரும்வரை அவர் நிற்கவில்லை.

"அன்னைக்கு என்னம்மா ஆச்சு? எதுக்குக் கிளம்பின?"

அவள் நடுவிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"அன்னைக்கே கேட்டிருந்தா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிருக்கும். இப்ப பெரிய கதையாயிடுச்சு. உக்காருங்க."