சத்தம் வராத ட்ராக்

எங்க பாட்டுக்கு அடிச்ச போஸ்டரைப் பாத்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "இசை"ன்னு கொட்டை எழுத்து, அதுக்குக் கீழ எங்க அண்ணன் பேரு மட்டும்.

"என் பேரு எங்கண்ணா?"

"நீ என்னத்தைப் பண்ணிட்டே? சும்மா உக்காந்து மவுஸைத் தட்டினே. அவ்வளவுதானே!"

அவ்வளவுதானாம்! எட்டு மாசம். பகல் முழுக்க ஜெராக்ஸ் கடையில நின்னுட்டு, சாயங்காலம் வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவ நான். எங்க கடை மெஷின் பேப்பரை இழுக்கிற சத்தத்தைப் போன்ல பிடிச்சு, முன்னும் பின்னும் வெட்டி, அடியில உறுமுற சத்தத்தை வடிச்சு விட்டு, "சிக் சிக்"னு தாளமா மாத்தினேன். ஷட்டரை இறக்குற சத்தத்தைக் கைத்தட்டலோட ஒட்டினேன். ஒவ்வொரு சத்தமும் தனித்தனி ட்ராக்கா, நாப்பத்து மூணு சேந்துது. சாஃப்ட்வேர் காட்டுற கட்டத்துல எல்லாத்தையும் அப்படியே ஒக்கார வச்சா பொம்மை ஆடுற மாதிரி இருக்கும்னு, ஒவ்வொரு தட்டையும் மயிரிழை பின்னால தள்ளித் தள்ளி வச்சேன். அண்ணன் மெட்டு போட்டான், பாடினான். நல்லாவே பாடினான், இல்லேங்கல. அதுக்காக மத்ததெல்லாம் தானா முளைச்சுதா?

அம்மா குறுக்க வந்தாங்க. "விட்டுக் கொடேன்டி. அவன் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானே?"

"அப்ப என் பேரைப் போடச் சொல்லும்மா. அவன் பேரு வந்த மாதிரிதானே?"

அம்மா சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க.

போஸ்டர் போனா போகுது, கிழிச்சுப் போட்டுடலாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஆடியோ கம்பெனியில பாட்டையும் பேர் விவரத்தையும் ஏத்தணும். அதுல ஏறுற பேருதான் எல்லா இடத்துக்கும் போகும். இந்தப் பாட்டுல என் பேரு வந்தா அடுத்த வேலை என்னைத் தேடி வரும். வராட்டி காலம் பூரா ஜெராக்ஸ்தான். இதை அவன்கிட்ட சொல்லியும் பாத்தேன். "அடுத்த பாட்டுல பாக்கலாம்"னான். மொத்த ஃபைலையும் பென் டிரைவ்ல அள்ளிக்கிட்டு, "கடைசி மிக்ஸை நானே பாத்துக்கறேன்"னு கிளம்பிட்டான். "போய்ட்டு வா ராசா"ன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்குப் போன் வருது. அண்ணன்தான். குரலே சரியில்ல.

"ஏய், பாட்டு நடுவுல செத்துக் கிடக்குது. கம்பெனி மேடம் மூஞ்சிய சுளிக்கிறாங்க."

"எதையாவது தொட்டியா?"

"ஒண்ணையும் தொடல."

"என் மேல சத்தியமா?"

சத்தியம்னதும் வழிக்கு வந்தான். "ஒரு ட்ராக்ல சத்தமே வரல. லேப்டாப் வேற திணறுச்சு. குப்பைன்னு நெனச்சு தூக்கிட்டேன். பழைய ஃபைல் மேலயே சேவ் பண்ணிட்டேன்."

நான் சிரிச்ச சிரிப்புல, ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் மிரண்டு போய்ட்டாரு.

அந்த ட்ராக்தான் பாட்டோட மூச்சு. டும், டும்னு ஒரு அடி போய்க்கிட்டே இருக்கும், ஆனா வெளிய கேக்காது. அது ஸ்பீக்கருக்குப் போற வழியை அடைச்சு வச்சிருப்பேன். அந்த அடி விழுறப்பல்லாம் மத்த சத்தம் எல்லாம் சட்டுனு அமுங்கி, மறுபடி எழும்பும். நடுப்பகுதியில டிரம்மே கிடையாது, இருந்தும் கேக்கறவங்க உடம்பு ஆடும். ஆட்டி வைக்கிறது அந்தக் கேக்காத டும்முதான். அதைத்தான் இந்தப் புத்திசாலி குப்பையில போட்டிருக்கான்.

"வரேன். ஆனா என் பேரு வரணும்."

"வரும்மா தாயே, நீ மொதல்ல வா!"

முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டு ஆடியோ கம்பெனிக்கு ஓடினேன். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டின குட்டி அறை. கம்பெனி மேடம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அண்ணன் எழுந்து நாற்காலிய விட்டான். நான் புதுசா ஒரு ட்ராக் தெறந்தேன், அடிக்கு ஒரு டும் வச்சேன், வெளிய போற வழியை அடைச்சேன், மத்த சத்தங்களை அமுக்குற கம்ப்ரஸருக்கு அதைக் கோத்துவிட்டேன். அமுங்கின சத்தம் எவ்வளவு நேரத்துல எழும்பணும்னு நாலஞ்சு தரம் திருகிப் பாத்து ஓட விட்டேன். மேடத்தோட தலை தானா ஆட ஆரம்பிச்சுது.

"அடேயப்பா! இப்பத்தான்யா பாட்டு"ன்னாங்க. "சரி, சீக்கிரம் பேரை அடிங்க. மணி நாலரை."

அண்ணன் பக்கத்துக் கம்ப்யூட்டர்ல அடிச்சான். எட்டிப் பாத்தேன். இசைங்கிற இடத்துல அவன் பேரு. கீழ, கடைசி வரியில, "உதவி"ன்னு போட்டு என் பேரு.

எனக்கு அழுகையும் வந்துது, ஆத்திரமும் வந்துது. அழுகைய முழுங்கிட்டேன். நாப்பத்து மூணு ட்ராக்கையும் மொத்தமா செலக்ட் பண்ணி அழிச்சேன். திரை துடைச்ச மாதிரி ஆயிடுச்சு. எழுந்து நாற்காலிய அவன் பக்கம் தள்ளினேன்.

"உக்காருண்ணா. நீ இசை போடு. நான் உதவி பண்றேன்."

அவன் திரையப் பாக்கிறான், கடிகாரத்தப் பாக்கிறான், என்னப் பாக்கிறான். கை மவுஸ் கிட்ட போய்ட்டுத் திரும்பி வந்துடுச்சு. எதை அமுக்கினா அழிச்சது திரும்ப வரும்னுகூட அவனுக்குத் தெரியல.

மேடத்துக்குத் தெரியும். ஆனா அவனுக்குச் சொல்லித் தரல. பக்கத்துக் கம்ப்யூட்டர் கீபோர்டை மெதுவா என் பக்கம் நகர்த்தி, "நீயே அடிம்மா"ன்னாங்க.

இசை: என் பேரு, இனிஷியலோட. மெட்டு, குரல்: அண்ணன் பேரு. அவன் செஞ்சதை நான் ஒரு எழுத்துகூடக் குறைக்கல. அடிச்சு முடிச்சிட்டு இந்தப் பக்கம் கன்ட்ரோல்-இசட் ஒரு தட்டு தட்டினேன், நாப்பத்து மூணு ட்ராக்கும் திரும்ப வந்துடுச்சு.

"என் பேரு கீழ போயிடுச்சே"ன்னான்.

"உதவின்னு போடல, சந்தோஷப்படு."