வாசலில் ஒரு ஜோடி ஷூ

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவளும் வரவேற்பு மேசைக்காரியும் நகமும் சதையுமாக இருந்தார்கள். சனிக்கிழமை மாலையில் நூலகத்தில் நடந்த கதை வகுப்புக்கும் சேர்ந்தே போனார்கள். ரத்தம் எடுப்பவளின் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்தவரும் அங்கே வருவார்.

ரத்தம் எடுப்பவள் தனியாகக் குடியிருந்தாள். புருஷன் விட்டுப்போன புதிதில் எவனோ குடித்துவிட்டு வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டினான். மறுநாளே பழைய சாமான் கடையில் ஆண்கள் ஷூ ஒரு ஜோடி வாங்கி வாசலில் போட்டாள். அடிக்கடி இடம் மாற்றி வைப்பாள். மழை நாளில் கொஞ்சம் சேறுகூடத் தடவுவாள். உள்ளே ஆம்பளை இருப்பதாகக் கட்டடமே நம்பியது. விஷயம் தெரிந்தவள் தோழி ஒருத்திதான். சொன்ன அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஒரு வகுப்பில் ஆசிரியர், "சோகம்னு எழுதாதீங்க. அதைச் சுமக்கிற ஒரு பொருளைக் காட்டுங்க. அதுதான் குறியீடு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை தோழி எழுந்து தன் கதையை வாசித்தாள். வாசலில் ஷூ. மழை நாளில் சேறு. அத்தனையும் இவள் சொன்னது.

கைதட்டல் ஓய்ந்ததும், "அந்த ஷூ அவளோட காத்திருப்பு" என்றார் ஒருவர். "அவ இன்னும் புருஷனை மறக்கலைங்க" என்றாள் இன்னொருத்தி. கீழ்வீட்டுக்காரர் இவளைத் திரும்பிப் பார்த்தார்.

நூலகப் படியில் தோழியை நிறுத்தினாள். "ஏண்டி இப்படிப் பண்ணே?"

"ஐயோ அக்கா, உங்க பேரையா எழுதினேன்? அது வெறும் குறியீடுக்கா."

"உனக்குக் குறியீடு. எனக்கு அதுதாண்டி பூட்டு."

தோழி நிஜமாகவே விழித்தாள். "நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுல்ல நினைச்சேன்!"

திட்டியிருந்தால்கூட இவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டொரு நாளில் மாடிப்படியில் ஒருவன் வழிமறித்து, "வீட்ல சார் இருக்காரா?" என்று இளித்தான். அந்த வாரமே வீட்டைக் காலி செய்து, இனி மிதிப்பதில்லை என்று இவள் சொல்லியிருந்த அண்ணன் வீட்டு வாசலில் பெட்டியோடு போய் நின்றாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலையை விட முடியவில்லை. ஒரு வாரம் லீவு போட்டுத் திரும்பிய திங்கட்கிழமை, தோழி வழக்கம்போல அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, டீ சொல்லட்டுமா?"

"வேணாம், நீங்க குடிங்க" என்றாள் இவள்.

அந்த 'நீங்க'வைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள் தோழி. இவள் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.